டிரை நீடிலிங்: மலைக்காட்டுப் பிசியோக்களிடம் ஒரு உதவி

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் வேலை செய்யும் பிசியோக்களுக்கு வணக்கம். கொழுந்து பறிப்பவர்கள், அதிலும் கத்திரி பிடித்து வெட்டுபவர்கள், தோள்மேட்டு வலியோடு நிறைய வருகிறார்கள். மேல் டிரபீசியஸில் (கழுத்திலிருந்து தோளுக்கு வரும் தசை) முடிச்சு தெளிவாகக் கைக்குப் பட்டால் மட்டும் 0.25 × 30 மி.மீ. ஊசி போடுகிறோம். மருந்து எதுவும் ஏற்றுவதில்லை, இதுதான் டிரை நீடிலிங்.

ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, தசையை விரல்களால் கிள்ளித் தூக்கி, ஊசி முனை எதிர்விரலை நோக்கியே போகும்படி குத்த வேண்டும். கிள்ளாமல் நேராகக் கீழே இறக்கினால் நுரையீரல் உறை கிழிந்து காற்று சேரலாம். மெலிந்த உடம்பில் இந்த ஆபத்து கூடுதல். உட்கார வைத்துக் குத்தினால் மயங்கிச் சரியலாம், வெறும் வயிறு என்றால் சொல்லவே வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஓரிரு நாள் தசைவலி இருப்பது சகஜம். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, வறட்டு இருமல் அப்படியல்ல. சில மணி நேரம் கழித்துக்கூடத் தலைகாட்டும். அதற்குள் ஆள் லைன் வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) போயிருப்பார், கடைசி பஸ்ஸும் போயிருக்கும். அதனால் நெஞ்சுக்கூட்டை ஒட்டிய தசைகளுக்குக் காலையில் மட்டும் செய்வதே சரி என்பது எங்கள் கட்சி.

இந்த எச்சரிக்கையைப் படுக மொழியில் பேசிப் பதிவு செய்து தர யாராவது முடியுமா? ஒரு நிமிட ஆடியோ போதும். பயன்படுத்திய ஊசிகளைப் போட்டுவைக்கும் வெள்ளை டப்பாவை, சிறிய கிளினிக்குகளில் யாரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.