மறுமொழி: ரூட் பிளேனிங் – வேர் இழைப்பா, வேர் துலக்கலா?

அன்புள்ள பல் மருத்துவக் கலைச்சொல் குழுவினருக்கு,

ரூட் பிளேனிங், அதாவது ஈறுக்குக் கீழே பல்வேரின் மேற்பரப்பைக் கருவியால் சுத்தம் செய்யும் சிகிச்சை, அதற்கான தமிழ்ச்சொல் பற்றிய மறுமொழி இது.

> ரூட் பிளேனிங் = வேர் இழைப்பு. தச்சர் இழைப்புளி போட்டுப் பலகையை இழைப்பதுதானே? பொருள் அப்படியே வந்துவிடுகிறது. இத்துடன் முடிக்கலாம்.

ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஈறுநோய்ப் பிரிவில் மாணவர்களுக்குச் செய்முறை சொல்லித் தருகிறவளாக எனக்கு ஒரு தயக்கம். இழைத்தால் சீவல் உதிர வேண்டும். பல்வேரில் அப்படிச் சீவி எறிய எதுவும் இல்லை. வேரைப் போர்த்தியிருக்கும் சிமெண்டம் பல்லின் கழுத்தருகே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அதைச் சீவினால் அடியிலிருக்கும் டென்டின் என்ற பல் திசு வெளியே தெரியும், மறுநாளே நோயாளி “தண்ணி பட்டா கூசுது டாக்டர்” என்று வந்து நிற்பார்.

கிருமி நச்சு சிமெண்டத்துக்குள் ஊறிவிடுகிறது, அதனால் சீவித்தான் ஆக வேண்டும் என்று முன்பு நம்பினார்கள். ரூட் பிளேனிங் என்ற சொல்லும் அந்த நம்பிக்கையோடு நிலைத்தது. 1980களில் செய்து பார்த்தபோது, நச்சில் பெரும்பகுதி மேற்பரப்பில்தான் ஒட்டியிருந்தது. தண்ணீரில் அலசி, பிரஷால் தேய்த்ததிலேயே போய்விட்டது. ஐரோப்பிய ஈறுநோய்க் கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டி, ஈறுக்குக் கீழே கருவியால் சுத்தம் செய்வது என்ற பொருளில் பொதுவான தொடரையே கையாள்கிறது.

கிளினிக்குக்குப் புதிதாக வரும் மாணவர் கையில், வேரைச் சுத்தம் செய்யும் கைக்கருவியான கிரேசி க்யூரெட்டைக் கொடுத்துப் பாருங்கள். அதில் வெட்டும் விளிம்பு ஒன்றுதான். கருவிக் கழுத்தின் கீழ்ப்பகுதி பல்லுக்கு இணையாக நிற்க வேண்டும், விரல் பக்கத்துப் பல்லில் ஊன்றியிருக்க வேண்டும். இதெல்லாம் இரண்டொரு வாரத்தில் பழகிவிடும். எங்கே நிறுத்துவது என்பதுதான் பிடிபடாது. “கண்ணாடி மாதிரி வழுவழுன்னு வரணும்” என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் பதிவேட்டில் ‘வேர் இழைப்பு’ என்றும் எழுதிவிட்டால், அந்தக் கைக்கு நாமே அனுமதிச் சீட்டு கொடுத்த மாதிரி ஆகும்.

> அப்படியானால் வேர்ச் சுரண்டல்?

வேண்டவே வேண்டாம். சம்மதப் படிவத்தில் ‘சுரண்டல்’ என்று அச்சடித்தால், பில்லைப் பார்ப்பதற்கு முன்பே நோயாளி எழுந்து போய்விடுவார்.

என் முன்மொழிவு: வேர் துலக்கல். பல் துலக்குவது வீட்டில் நோயாளி செய்வது. வேர் துலக்குவது நாற்காலியில் நாம் செய்வது. முன்னது ஒழுங்காக நடக்காவிட்டால் பின்னது நிற்காது. மாணவர் நோயாளிக்கு விளக்கும்போது இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

– – –

> வேர் துலக்கல்

அம்மா, நல்ல சொல். ஆனால் ஈறுக்கு அடியில் கல்லாக இறுகிக் கிடப்பதைத் ‘துலக்கி’ எடுக்க முடியுமா? சொல் மிகவும் மென்மையாகப் படுகிறது. தவிர, பல் துலக்கலோடு குழம்பாதா?

– – –

ஐயா, முதல் கேள்வி நியாயமானது. இறுகியதற்குப் பற்காரை என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகியது, ஆகவே காரை பொருத்தம்தான். அதை எடுப்பது காரை நீக்கம். எனவே சிகிச்சையின் முழுப்பெயர் ‘காரை நீக்கமும் வேர் துலக்கலும்’. வலுவாக இழுப்பது முன்னதற்கு, இலேசாக இழுப்பது பின்னதற்கு. மாணவர் கையும் அப்படித்தான் மாற வேண்டும். ஈறுக்குக் கீழே என்று குறிக்க ‘ஈறடி’ போதும். புணர்த்தி ‘ஈற்றடி’ ஆக்கிவிடாதீர்கள், வெண்பாவின் கடைசி அடி என்று நம் குழுவிலேயே பாதிப்பேர் நினைப்பார்கள்.

குழப்பம் வரும் என்று நான் நினைக்கவில்லை. “சுத்தம் பண்ணினா பல் ஆடிப்போகும்” என்ற பயத்தோடு வருகிறவரிடம் இழைப்பு, சுரண்டல் என்றெல்லாம் பேசினால் பயம்தான் கூடும். காரை போனதும் பல்லிடுக்கில் சந்து தெரியும், சிலருக்குச் சில நாள் கூசும். அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நான்கு முதல் ஆறு வாரம் கழித்து ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள ஈறுப்பையின் ஆழத்தை மறுபடி அளப்போம் என்பதையும் சேர்த்து.

மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அடுத்தது ஃபர்கேஷன், கடைவாய்ப்பல்லின் வேர்கள் பிரியும் இடம். ‘வேர்க்கவை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். கவட்டை அடித்து வளர்ந்தவர்கள் கருத்துச் சொல்லவும்.