‘நல்ல கை’ வேண்டாம்: ‘தன்பக்கக் கை’ என்போமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூளையின் இடப்பக்கம் சேதமடைந்தால் வலக்கை முடங்கும் என்பது பலருக்கும் தெரியும். அப்போது இடக்கையும் கொஞ்சம் தடுமாறும் என்பதுதான் அதிகம் பேசப்படாதது. சேதம் நேர்ந்த அதே பக்கத்துக் கையை ஆய்வாளர்கள் ‘இப்ஸிலீஷனல்’ கை என்கிறார்கள். இதற்குத் தமிழில் என்ன கலைச்சொல் வைக்கலாம் என்பதுதான் கேள்வி. ‘ஒருபக்க’ என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது, அது சரிவராது. ‘ஒருபக்க மூளைச் சேதத்தில் ஒருபக்கக் கை’ என்று எழுதிப் பாருங்கள், எந்தக் கை என்றே தெரியாது.

பேச்சில் ‘நல்ல கை’ என்கிறோம். இதைக் கலைச்சொல்லாக ஏற்கவே கூடாது. மூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்பிழைகளில் 75 முதல் 90 சதவீதம் வரை மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தில் பக்கம் மாறுகின்றன. மீதி அதே பக்கமாகவே இறங்குகின்றன. அதோடு, ஒரு கையின் நுட்பமான அசைவுக்கு மூளையின் இட, வல அரைக்கோளங்கள் இரண்டுமே உழைக்கின்றன. வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இட அரைக்கோளம் சேதமானால், இடக்கையை நீட்டும்போது கிளம்பும் திசையும் மூட்டுகளின் ஒத்திசைவும் பிசகலாம். வல அரைக்கோளம் என்றால், வலக்கை போய் நிற்க வேண்டிய இடம் தவறலாம். நார்வே உடற்கூற்றியலாளர் ஆல்ஃப் புரோடல் தமக்கு வந்த பக்கவாதம் பற்றி 1973இல் எழுதிய கட்டுரை இங்கே முக்கியமானது. செயலிழந்தது அவருடைய இடப்பக்கம். ஆனால் வலக்கை எழுத்தும் கெட்டுப்போனதை அவரே கவனித்து எழுதியிருக்கிறார்.

முடங்கிய கையின் வேலையையும் சேர்த்துச் சுமக்கப்போவது இந்தக் கைதான். ‘நல்ல கை’ என்று பெயர் வைத்துவிட்டால் அதைச் சோதிக்கவோ பயிற்சி கொடுக்கவோ யாருக்குத் தோன்றும்?

சரி, வேறு என்ன சொல்லலாம்? ‘சேதப்பக்கக் கை’ என்றால் முடங்கிய கை என்றே படிப்பவர் நினைப்பார். ‘ஒத்தபக்கம்’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பேச்சில் ‘ஒத்த’ என்றால் ஒற்றை, மறுபடி ‘ஒருபக்க’ குழப்பத்துக்கே வந்துவிடுவோம். ‘தன்பக்கக் கை’, ‘எதிர்ப்பக்கக் கை’ என்ற இணை எனக்குத் தெளிவாகப் படுகிறது. கட்டுரையில் முதல்முறை வரும்போது மட்டும் ‘மூளைச் சேதத்தின் தன்பக்கக் கை’ என்று விரித்து எழுதலாம்.

அப்புறம், அந்தக் கையின் குறைபாட்டுக்கு ‘தன்பக்க வாதம்’ என்று சொல்ல வேண்டாம். வலிமை ஓரளவு குறையலாம். ஆனால் கை முடங்குவதில்லை, வேகமும் நுணுக்கமும்தான் அதிகம் அடிபடுகின்றன. ‘தன்பக்கக் கைத்திறன் குறைவு’ என்பது என் முன்மொழிவு. நீளம் என்று தோன்றினால் சுருக்கித் தாருங்கள், ‘திறன்’ மட்டும் விடுபடாமல்.