டெஸ்டரில் தூவல் நன்றாக இருக்கிறது, மேடேறினால் கரும்புகை ஏன்?

குடியாத்தம் லாரிக்காரன்:
வணக்கம். பழைய டர்போ வண்டி, மெக்கானிக்கல் பம்ப். லோடோடு பேரணாம்பட்டு தாண்டி பத்தலப்பல்லி மலைப்பாதை ஏறினால், பின்னால் பைக்கில் வருகிறவர் முகமெல்லாம் கரி. இன்ஜினுக்குள் டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, அவற்றைச் சோதிக்கும் டெஸ்டரில் போட்டுப் பார்த்தாயிற்று. எல்லா ஓட்டையிலும் சமமான தூவல், ஒழுகல் இல்லை, பிரஷரும் சரி. மெக்கானிக்கோ 'நாசில் செட்டையே மாத்து' என்கிறார். இவ்வளவு நன்றாகத் தூவுகிற டீசல் எப்படி எரியாமல் போகும்?

ராணிப்பேட்டை பம்ப்புக்கடை:
தம்பி, டெஸ்டரில் டீசல் பீய்ச்சுவது கடைக்காற்றில். இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலே வரும்போது காற்று அதைவிடப் பதினைந்து, இருபது மடங்கு அடர்த்தி. சூடு 600 டிகிரியை ஒட்டி. அங்கே டீசல் திரவமாக ஓடுவது இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான், அப்புறம் ஆவி.

தீயும் நாசில் மூக்கில் பிடிக்காது, சற்றுத் தள்ளித்தான் நிற்கும். அந்த இடைவெளியில் தூவல் சுற்றியிருக்கிற காற்றை இழுத்துக்கொள்கிறது. முழுதாக எரிய ஒரு கிலோ டீசலுக்குப் பதினாலரை கிலோ காற்று வேண்டும். தூவலின் நடுவில் அதில் கால்வாசி கிடைத்தாலே பெரிது. அரைகுறையாக எரிந்து கரி பிறப்பது அங்கேதான், புது இன்ஜினிலும் பிறக்கும். ஆனால் தூவலைச் சுற்றி மெல்லிய தோல் மாதிரி இன்னொரு தீ இருக்கிறது. அங்கே காற்று போதும், சூடு 2000 டிகிரிக்கு மேல். கரியில் பெரும்பகுதி அங்கே போய் எரிந்துவிடும். 1997இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் ஜான் டெக் என்பவர் லேசர் படங்களை வைத்து இதைக் கோவையாக விளக்கினார்.

உங்கள் வண்டியில் கரி எரிந்து முடியக் காற்று பற்றவில்லை என்று எனக்குப் படுகிறது. மேட்டில் பெடலை அழுத்தினால் பம்ப் டீசலை முழுசாகக் கொடுத்துவிடும், காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போவிலிருந்து காற்று வந்து சேர வேண்டுமே! ஏர் ஃபில்டரைப் பாருங்கள். டர்போவிலிருந்து மேனிஃபோல்டுக்கு, அதாவது இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்க்குப் போகும் ஹோஸை, கிளாம்பைக் கழற்றி, அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஐடிலில் மூடியிருக்கும் விரிசல், லோடில்தான் வாய் திறந்து காற்றை வெளியே விடும்.

காட்பாடி மாணவன்:
டீசல் பீய்ச்சும் நேரம், அதாவது டைமிங் பின்தங்கினாலும் இதே கதைதானே ணா? பிஸ்டன் இறங்கி சூடு குறைந்த பிறகு கரி எரியாது. இன்னொன்று, காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் டொக் டொக் என்று அடிப்பது ஏன்?

ராணிப்பேட்டை பம்ப்புக்கடை:
டைமிங் விஷயம் சரி தம்பி, அதையும் பார்க்க வேண்டியதுதான். காலைச் சத்தத்துக்குக் காரணம் வேறு. பீய்ச்சியதும் டீசலில் தீ பிடிக்காது, கொஞ்சம் தாமதம் உண்டு. இன்ஜின் ஜில்லென்று இருந்தால் அது நீளும். அதற்குள் காற்றோடு கலந்து சேர்ந்த டீசல் மொத்தமும் ஒரே நேரத்தில் பிடிக்கிறது, அந்த அடிதான் கேட்கிறது. கம்ப்யூட்டர் பீய்ச்சலைக் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் வண்டியில் முதலில் துளியூண்டு பீய்ச்சிப் பற்றவைத்துவிட்டு மீதியை விடுவார்கள், அதனால் அவ்வளவு அடிக்காது.

குடியாத்தம் லாரிக்காரன்:
ணா, ஹோஸுக்கு அடியில் விரல் விட்டால் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. பிசைந்து பார்த்தால் நகம் நுழையும் அளவுக்குக் கிழிசல்.

ராணிப்பேட்டை பம்ப்புக்கடை:
கிளாம்பையும் சேர்த்து மாற்றிவிட்டு அதே லோடில் மேடேறிப் பாருங்கள், நாசிலுக்கு அதுவரை காசு போட வேண்டாம். அப்புறம், டெஸ்டர் தூவலுக்கு நேராகக் கையை நீட்டாதீர்கள். டீசல் தோலுக்குள் ஏறிவிட்டால் காயம் சின்னதாகத்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.