பயாலஜியோடு நடனமும் மேஜராக எடுக்கிறேன் என்கிறாள் மகள், விடலாமா?

மயிலைவாசி:
மகளுக்கு அமெரிக்காவில் ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. பயாலஜி படிக்கத்தான் போகிறாள் என்று நினைத்திருந்தோம், இப்போது நடனத்தையும் சேர்த்து இரண்டு மேஜர் என்கிறாள். ஏழு வயதிலிருந்து பரதநாட்டியம், அரங்கேற்றமும் ஆகிவிட்டது. பத்து வருடம் இங்கே கற்றுக்கொண்டதற்கு அங்கே போய் வேறு பணம் கட்ட வேண்டுமா என்று அவள் அப்பா கேட்கிறார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

தட்டுமெட்டு:
அக்கா, நானும் அரங்கேற்றம் முடித்துவிட்டு அப்படி ஒரு கல்லூரிக்குப் போனவள்தான். அவள் அப்பா கேட்பது நியாயம், ஆனால் அங்கே மறுபடியும் அடவு, அதாவது அடிப்படை அசைவுகள், சொல்லித் தருவதில்லை. முதல் செமஸ்டரிலேயே கம்போசிஷன் வகுப்பில், பாட்டே இல்லாமல் இரண்டு நிமிடம் நீயே ஏதாவது அமைத்து ஆடு என்றார்கள். எழுந்து நின்றால் கால் தானாக ஆதி தாளத்தில் தட்டுகிறது, தட்டுவதை நிறுத்தினால் கை என்ன செய்வதென்று தெரியாமல் தொங்குகிறது. பிறர் அமைத்த உருப்படிகளையே ஆடி வளர்ந்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம் உடற்கூறு வகுப்பு. எலும்புக்கூட்டை நிறுத்தி, தொடை எலும்பின் தலை இடுப்புக் குழிக்குள் எப்படித் திரும்புகிறது என்று காட்டினார்கள். முட்டியை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்கார்ந்து ஆடும் அரைமண்டியில் இடுப்பிலிருந்து திரும்பாமல் பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால், அந்தத் திருகல் முட்டியில்தான் போய் விழும். என் முட்டி வலிக்குக் காரணம் அங்கே புரிந்தது. பயாலஜி படிக்கிற பெண் கட்டாயம் இதைப் படிக்க வேண்டும் என்பேன்.

கனெக்டிகட்காரன்:
பயாலஜியும் நடனமும் அங்கே பழைய ஜோடி. 1926-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நடனத்துக்கென்று முதல் பட்டப்படிப்பைக் கொண்டுவந்த மார்கரெட் டோப்ளர் பயாலஜி பட்டதாரி. மாணவிகளைத் தரையில் படுக்கவைத்து, உடல் எப்படி அசைகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னவர். நம் பரதக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மாவும் 1962-ல் இங்கே கனெக்டிகட்டில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சொல்லித் தந்திருக்கிறார், அவர் தம்பிகள் ரங்கநாதனும் விஸ்வநாதனும் அங்கேயே பல வருடம் மிருதங்கமும் குழலும் கற்பித்தார்கள்.

இரண்டு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் மாடர்னும் பாலேயும்தான் பிரதானம், பரதத்தை அவளாகத்தான் சாதகம் செய்து காப்பாற்ற வேண்டும். இன்னொன்று விசா. நடனம் மட்டும் படித்தால் முடித்தபின் ஓபிடி, அதாவது மாணவர் விசாவிலேயே படிப்பு சார்ந்த வேலை பார்க்கும் அனுமதி, 12 மாதம்தான், பயாலஜியும் இருந்தால் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான ஸ்டெம் நீட்டிப்புக்கு, அதாவது இன்னும் 24 மாதத்துக்கு, விண்ணப்பிக்கலாம். அதனால் பயாலஜியை எக்காரணம் கொண்டும் விட வேண்டாம்.

மயிலைவாசி:
இருவருக்கும் ரொம்ப நன்றி. நேற்று சாப்பிடும்போது, உனக்கு முட்டி வலிக்குமா என்று சும்மா கேட்டேன். மூன்று வருடமாக வலிக்கிறது என்றாள், எங்களிடம் சொன்னதே இல்லை. அவள் அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. தட்டுமெட்டு, அந்த உடற்கூறு வகுப்பைக் கல்லூரிப் பட்டியலில் என்ன பெயரில் தேட வேண்டும்?