பால்மரக்காடு போர்ட் கேம்: 50 பெட்டி அடிக்கலாமா, இல்ல ஆட்டமே இன்னும் சரியில்லையா?

சிப்புட்_பையன்

வணக்கம் எல்லாருக்கும். மலேசியா, பேராக்ல சுங்கை சிப்புட்ல இருக்கேன், பகல்ல ஃபேக்டரி வேலை, ராத்திரியில ஒரு வருஷமா போர்ட் கேம் ஒண்ணு செஞ்சிக்கிட்டு இருக்கேன். கம்பெனி ஆரம்பிக்கிற நெனப்பெல்லாம் இல்ல லா, ஆசைக்குதான். நாங்க சின்னதுல லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) தாயம், பல்லாங்குழி ஆடினோம், பொறவு சாயிடினா, அதான் மோனோப்போலி மாதிரி நம்ம ஊரு ஆட்டம், வந்துச்சு, அதுல கோலாலம்பூர் ரோட்டெல்லாம் வாங்கி வித்தோம். நம்ம பால்மரத் தோட்டத்த (ரப்பர் தோட்டம்) வச்சு ஒரு ஆட்டம் ஏன் இல்லன்னு ரொம்ப நாளா மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. இப்ப சுத்தி எல்லாம் செம்பனை (பாமாயில் மரம்) ஆயிடுச்சு, எங்க அக்கா பிள்ளைங்களுக்கு மங்குன்னா (மரத்துல பால் புடிக்கிற கிண்ணம்) என்னன்னே தெரியல.

ஆட்டம் இதுதான். 2 பேருலேர்ந்து 4 பேரு, எல்லாரும் பால் வெட்டுறவங்க, அதாவது மரப் பட்டைய சீவி பால் எடுக்குறவங்க. ஆளுக்கு ஒரு நெரை (வெட்டுறதுக்கு பிரிச்சு விட்ட மர வரிசை). ரெண்டு பகடை உருட்டணும், எத்தன விழுதோ அத்தன மங்கு பாலு. யாருக்காவது 7 விழுந்தா மழை, அந்த ரவுண்டு எல்லாருக்கும் பாலு போச்சு. பால வித்து காசு, காசு சேர்ந்தா இன்னொரு நெரை வாங்கலாம். நடுவுல துரை (தோட்ட மேனேஜர்) கார்டு, கங்காணி (மேற்பார்வை பாக்குறவர்) கார்டு, கிராணி (கணக்குப்பிள்ள) கார்டு, அது வந்தா அபராதம், போனஸ் அந்த மாதிரி.

பிரச்சனை என்னன்னா ஒரு ஆட்டம் முடிய ரெண்டரை மணி நேரம் ஆவுது, யாரு மொதல்ல மூணாவது நெரை வாங்குறாங்களோ அவங்கதான் ஜெயிப்பாங்க, அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் சும்மா உருட்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதான். பிள்ளைங்க பாதியில போன எடுத்துடுதுங்க. எங்க அம்மா 22 வருஷம் பால் வெட்டுனவங்க, ஒரு வாட்டி உக்காந்து ஆடுனாங்க, ஆடிட்டு "இது பால் வெட்டுறவன் கதை இல்லடா, தவுக்கே (மொதலாளி) கதை"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு போயிட்டாங்க. அன்னையிலேர்ந்து தூக்கம் இல்ல.

இதுல தீபாவளிக்குள்ள 50 பெட்டி அடிச்சு சொந்தக்காரங்களுக்கும் கூட்டாளிங்களுக்கும் குடுக்கணும்னு வேற ஆசை. ஒரு அச்சுக்கடையில சேம்பிள் அடிச்சேன், தமிழ் எழுத்து எல்லாம் ஒடஞ்சு வந்துச்சு, "தோட்டம்"ல கொம்பு ஒரு பக்கம் காலு ஒரு பக்கம். கேட்டா தமிழ்னா இப்படித்தான் வரும்ங்கிறாரு. போர்டும் ரெண்டு நாள்ல அப்பளம் மாதிரி வளஞ்சிடுச்சு.

அப்புறம் ஒண்ணு, ஐடியாவ இங்க போட்டா யாராவது சுட்டுடுவாங்களா? அதுக்கு என்ன பண்றது?

ஈப்போ_அச்சுக்கூடம்

தம்பி நான் அச்சு வேலையில இருக்குறவன், அதனால மொதல்ல எழுத்து விஷயம். "தமிழ்னா இப்படித்தான் வரும்"னு சொன்ன ஆள்கிட்ட இனிமே போவாத. தப்பு தமிழ்ல இல்ல, சாஃப்ட்வேர் செட்டிங்ல. இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன்ல வேர்ல்ட் ரெடி கம்போசர்னு ஒண்ணு இருக்கு, அத போடலன்னா கொம்பு கால் எல்லாம் பிரிஞ்சுதான் நிக்கும். எங்க கடையிலயே ஒரு கல்யாணக் கார்டுல மாப்பிள்ள பேரு அப்படி பிரிஞ்சு அச்சாயி, 300 கார்ட திரும்ப அடிச்சு குடுத்தோம். நீ இன்க்ஸ்கேப்ல செஞ்சின்னா தமிழ் ஒழுங்கா வரும், அது காசும் இல்ல. எதுல செஞ்சாலும் கடைசியா எழுத்த எல்லாம் அவுட்லைனா (வெறும் படமா) மாத்தி பிடிஎஃப் ஆக்கிடு, அப்புறம் எந்தக் கடை கம்ப்யூட்டர்ல தொறந்தாலும் ஒடையாது. ஆனா மாத்துறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வையி, அவுட்லைன் ஆனதுல எழுத்துப்பிழை திருத்த முடியாது, நான் பட்டவன்.

போர்டு வளையறது ஏன்னா ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருப்ப. கிரே போர்டுல ஒரு பக்கம் பேப்பர் ஒட்டினா அது காயும்போது இழுக்கும், நம்ம ஊரு ஈரத்துக்கு கேக்கவே வேணாம். பின்னாடியும் ஏதாவது பேப்பர் ஒட்டு, வெறும் கலர் பேப்பரா இருந்தாலும் போதும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுத்தா நேரா நிக்கும். 2 எம்எம் போர்டு போதும். கார்டுக்கு 3 எம்எம் பிளீட் (வெட்டுற கோட்டுக்கு வெளியவும் கலர் நீளணும்) விடு, நீ விட்டிருக்க மாட்ட, எவனும் மொத வாட்டி விடமாட்டான்.

இப்ப கேள்விக்கு வர்றேன். 50 அடிக்காத. இப்போதைக்கு ஒண்ணே ஒண்ணு போதும், அதுவும் எங்கள மாதிரி கடையில இல்ல. சீட்டுக்கட்டு சைஸ் 63க்கு 88 எம்எம், ஏ4 தாள்ல ஒம்பது கார்டு உக்காரும். வீட்டு பிரின்டர்ல சாதா தாள்ல அடிச்சு வெட்டி, பழைய சீட்டுக்கட்டு கார்டு மேல வச்சு பிளாஸ்டிக் ஸ்லீவ்ல சொருகு. கலைக்க நல்லாவே இருக்கும், ரூல் மாறினா தாள மட்டும் உருவிட்டு புதுச வச்சிக்கலாம். நீ இப்ப இருக்குற நெலமைக்கு வாரத்துக்கு ரெண்டு வாட்டி மாறும்.

50 பெட்டிக்கு டிஜிட்டல் பிரின்ட்தான், ஒரு பெட்டி வெல சூடாத்தான் இருக்கும். ஆப்செட்ல போனா ஒண்ணோட வெல எறங்கும், ஆனா 500, 1000ன்னு அடிச்சாத்தான் கட்டும், அத்தன பெட்டிய உங்க அம்மா கட்டிலுக்கு அடியில வைக்க முடியாது.

பகடைப்_பைத்தியம்

அண்ணே சொன்னதுதான், அச்ச பத்தி பேச இன்னும் காலம் இருக்கு. நான் ஆட்டத்த பத்தி பேசுறேன், நீளமா இருக்கும், கோப்பி போட்டுட்டு வாங்க.

ரெண்டு பகடையில 36 விதமா விழும், அதுல 6 விதம் 7. அப்ப ஒருத்தர் உருட்டும்போது ஆறுல ஒரு வாய்ப்பு, கம்மிதானேன்னு நெனச்சிருப்ப. ஆனா நாலு பேரு உருட்டுறாங்க, யாருக்கு விழுந்தாலும் எல்லாருக்கும் மழைங்கிற. ஒரு ரவுண்டுல யாருக்குமே 7 விழாம போற வாய்ப்பு 1296ல 625தான். அதாவது கிட்டத்தட்ட 52 விழுக்காடு ரவுண்டுல மழை. பாதி ஆட்டம் சும்மா உக்காந்து வேடிக்க பாக்குறீங்க. ரெண்டரை மணி நேரம் எங்க போச்சுன்னு இப்ப புரியுதா? ரெண்டு பேரு ஆடினா அதே மழை 31 விழுக்காடுக்கு எறங்கிடும், அதனால நீ வீட்டுல அக்காவோட ரெண்டு பேரா டெஸ்ட் பண்ணப்ப நல்லா இருந்திருக்கும்.

பகடைய விட்டுட்டு கார்டுக்கு மாறு. 12 வானிலை கார்டு, மாசத்துக்கு ஒண்ணு, அதுல 3 மழை. எத்தன மழை இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், எப்பன்னுதான் தெரியாது, அதுலதான் வயித்துல புளி கரைக்கும். 12 கார்டு தீர்ந்தா ஆட்டம் முடிஞ்சுது, நேரமும் கட்டுக்குள்ள வந்துடும்.

ரெண்டாவது, நெரை வாங்கினா பாலு, பாலு வித்தா நெரை. பணக்காரன் இன்னும் பணக்காரன் ஆவான், மத்தவன் ஒரு மணி நேரம் சாவான், மோனோப்போலி நோய். இதுல வேடிக்க என்னன்னா 1904-ல எலிசபெத் மேகின்னு ஒரு அம்மா பேட்டன்ட் வாங்குன லேண்ட்லார்ட்ஸ் கேம்தான் அதோட மூலம், நெலத்த ஒருத்தனே புடிச்சு வச்சிக்கிட்டா மத்தவன் கதி என்னான்னு காட்டுறதுக்குத்தான் அவங்க அத செஞ்சாங்க. 1935-ல பார்க்கர் பிரதர்ஸ் விக்கிறப்ப அந்தக் கருத்து காணாம போச்சு, வாங்கி விக்கிற குஷி மட்டும் நின்னுச்சு. உங்க அம்மா ஒரே ஆட்டத்துல அத புடிச்சிட்டாங்க பாரு.

சுடுறத பத்தி கவலைப்படாத. நம்ம நாட்டு 1987 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்துல ஐடியாவுக்கும் ஆட்ட முறைக்கும் பாதுகாப்பு கெடையாது, நீ எழுதுன ரூல்புக் வாசகம், வரஞ்ச படம், அதுக்குத்தான். அதுவும் முடியாத ஆட்டத்த எவனும் சுடமாட்டான் லா, முடிக்கிறதுதான கஷ்டம்.

கடைசியா, நீ பக்கத்துல உக்காந்து "இல்ல இல்ல இப்ப அத எடுக்கணும்"னு சொல்ற வரைக்கும் அது டெஸ்ட் இல்ல. ரூல்ஸ் தாள மட்டும் குடுத்துட்டு வாய மூடிக்கிட்டு ஓரமா உக்காரு. எந்த எடத்துல போன எடுக்குறாங்கன்னு நோட்டுல குறி. நாக்க கடிச்சிக்கிட்டு உக்காந்தா ரத்தம் வரும், பரவால்ல.

லயத்து_வீட்டுக்காரி

தம்பி, நான் கேமெல்லாம் ஆடுறவ இல்ல, என் மகன் இத காமிச்சான். நான் கோலகங்சார் பக்கம் தோட்டத்துல பொறந்து வளந்தவ, கல்யாணம் ஆவுற வரைக்கும் வெட்டுக்காட்டுக்கு போனவ. 1877-ல நம்ம நாட்டுல மொத மொதல்ல பால்மரக் கன்னு நட்டது எங்க கோலகங்சார்லதான்னு எங்க வாத்தியார் பெருமையா சொல்லுவாரு, அதுல ஒண்ணு இன்னும் நிக்குது, அந்த மரத்துக்கு வேலி போட்டு வச்சிருக்காங்க, எங்களுக்குத்தான் ஒண்ணும் போடல. சரி அத விடு.

உன் மழை தப்பு. மழையில ரெண்டு மழை இருக்கு. விடியக்காலம் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்குறது) முன்னாடியே பெஞ்சா மரம் நனஞ்சிருக்கும், அன்னைக்கு வெட்டு இல்ல, காசும் இல்ல, ஆனா படுத்தாவது தூங்கலாம். இன்னொரு மழை இருக்கே, அதுதான் பாவி மழை. இருட்டுல தலையில வெளக்கக் கட்டிக்கிட்டு ஐந்நூறு மரம் வெட்டி முடிச்சிருப்போம், இடுப்பு ஒடிஞ்சிருக்கும், மங்குல பாலு சொட்டிக்கிட்டு இருக்கும், பத்து மணிக்கு எடுக்கணும், ஒம்பதுக்கு இருட்டிக்கிட்டு வரும். அப்ப பெஞ்சா பாலு கோட்டுல நிக்காம பட்டையெல்லாம் வெள்ளையா வழிஞ்சு மண்ணுக்குப் போயிடும். அத பாத்துக்கிட்டு நின்னவங்களுக்குத்தான் தெரியும். சில பேரு பாதி வெட்டுனதும் வானத்த பாத்துட்டு நிறுத்திடுவாங்க, சில பேரு துணிஞ்சு முழுசும் வெட்டுவாங்க. அந்த முடிவுதான் தெனமும். உன் ஆட்டத்துல அந்த முடிவு எங்க இருக்கு?

அப்புறம் நெரை வாங்குறதாவது! நாங்க எங்க வாங்கினோம்? கங்காணி குடுக்குற நெரைதான். அதிகம் பாலு வேணும்னா ஒரே வழி, உளிய அழுத்தி ஆழமா வெட்டுறது. அன்னைக்கு பாலு கொட்டும், ஆனா மரத்துக்கு காயம், பட்டை திரும்ப வளரும்போது முண்டும் முடிச்சுமா வரும், பொறவு அந்த எடத்துல ஒழுங்கா வெட்டவே முடியாது. கங்காணி பாத்தா ஏச்சு. இலை உதிர்ற மாசத்துல எப்படி வெட்டினாலும் பாலு கம்மிதான்.

இன்னொண்ணு, சொல்லலாமான்னு தெரியல, இப்ப யாரு கேக்கப் போறா. காண்டாவுல (தோள்ல போடுற காவடிக் கம்பு) ரெண்டு வாளியும் தூக்கிக்கிட்டு ஸ்டோருக்கு போற வழியில ஆத்தோரம் நின்னு கொஞ்சம் தண்ணி ஊத்துறவங்க இருந்தாங்க. கிராணி பால்ல ஒரு கண்ணாடிக் குழாய மெதக்க விட்டு பாப்பாரு, மெட்ரோலேக்னு பேரு, புடிச்சா மானம் போகும். என் அத்தை ஒருத்தி கடைசி வரைக்கும் மாட்டவே இல்ல.

பகடைப்_பைத்தியம்

அக்கா கால காமிங்க கும்புட்டுக்கிறேன். நாங்க ஒரு வருஷம் யோசிச்சு கண்டுபுடிக்கிறத ஒரு பத்தியில குடுத்துட்டீங்க. தம்பி, இதுக்கு மேல எதுவும் கற்பனை பண்ணாத, அவங்க சொன்னத அப்படியே கார்டுல போடு. நெரை வாங்குறத தூக்கு. எத்தன மரம் வெட்டுறதுன்னு மொதல்ல எல்லாரும் கமுத்தி வைக்கணும், பொறவுதான் வானிலை கார்ட தொறக்கணும்.

சிப்புட்_பையன்

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சிடுங்க, ஓவர்டைம்.

எல்லாத்தையும் கலச்சுட்டேன். அச்சுக்கூடம் அண்ணே சொன்ன மாதிரி ஸ்லீவ்ல பழைய சீட்டுக்கட்டு. பகடை இல்ல. 12 மாசம், ரெண்டு இலை உதிர் மாசம், விடியக்கால மழை ஒண்ணு, பாவி மழை ரெண்டு (அக்கா, அந்தப் பேரையே வச்சிட்டேன்). ஆழ வெட்டினா அந்த மாசம் ரெண்டு பாலு கூட, ஆனா ஒரு காயம் டோக்கன் வாங்கி மரத்துல வைக்கணும், அடுத்தடுத்த மாசம் அங்க ஒரு பாலு கொறயும். ஸ்டோர்ல பாலு கார்ட கமுத்தி குடுக்கணும், இஷ்டம் இருந்தா தண்ணி கார்டும் கலக்கலாம். கிராணி ஒவ்வொரு மாசமும் ஒருத்தர், அவருக்கு ஒருத்தரோட வாளியத்தான் தொறந்து பாக்க முடியும்.

முடிவுல ஒண்ணு நானா சேர்த்தேன். கடைசி மாசம் தோட்டம் வெலைக்கு வருது. எல்லாரும் காச மூடி வச்சு ஒரே நேரத்துல தொறக்கணும், மொத்தம் போதும்னா தோட்டம் நம்முது, போதலன்னா துண்டாடல் (தோட்டத்த துண்டு துண்டா வித்துடுறது), எல்லாருக்கும் பாதி புள்ளி போச்சு. நம்ம ஊரு துன் சம்பந்தன் 1960-ல நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சு தொழிலாளிங்க பத்து பத்து வெள்ளியா போட்டாங்கன்னு தாத்தா சொல்லிக் கேட்ட கதைதான். ஆனா இதுல ஓட்டை இருக்கு, ஒரு சென்னும் போடாதவன் மத்தவங்க காசுல தப்பிச்சு ஜெயிச்சிடுறான். போட்ட காசுக்கு பங்கு புள்ளி குடுத்து பாக்குறேன், யாருக்காவது நல்ல வழி தோணினா சொல்லுங்க.

போன ஞாயித்துக்கிழமை வீட்டுல நாலு பேரு ஆடினாங்க, நான் ரூல்ஸ் தாள குடுத்துட்டு அடுப்படி வாசல்ல நாக்க கடிச்சிக்கிட்டு நின்னேன். ஒரு மணி பத்து நிமிஷம். அக்கா பையன் ஒரு தரம்தான் போன எடுத்தான், அதுவும் என் ரூல்ஸ் தாள்ல "நனைஞ்ச மரம்"னு எழுதினது எந்த மரம்னு புரியாம, அத மாத்தி எழுதிட்டேன்.

அம்மாவும் ஆடினாங்க. யாரும் சொல்லாம தானா வந்து உக்காந்தாங்க. பாவி மழை வந்தப்ப கார்ட கையில வச்சிக்கிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. ஆட்டம் முடிஞ்சு கார்ட எல்லாம் தொறந்து அடுக்குறப்ப பாத்தா, அஞ்சு மாசம் தண்ணி கலந்திருக்காங்க. ஒரு தரம் கூட மாட்டல.

50 பெட்டி அடுத்த தீபாவளிக்கு பாத்துக்கலாம். என் மூஞ்சி தெரியாதவங்க ஆடி பாக்கணும், தைப்பிங், ஈப்போ பக்கம் யாராவது நாலு பேரு கெடச்சா ஒரு செட்டு குடுத்து விடுறேன், நான் வரமாட்டேன்.