பயாஸ் பாதியில நிண்ட ஆர்எக்ஸ் 580: ட்வீசரா, புரோகிராமரா?

பருத்தித்துறை_பொடியன்
ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்ட், 8 ஜிபி. ரெண்டு பயாஸ் (கார்டை எழுப்பிற நிரல்) மாத்திற ஸ்விட்ச் இல்லாத மொடல், கிரிப்டோ நாணய மைனிங்குக்கு ஓடின செக்கன்ட் ஹான்ட். மெமரி டைமிங் மாத்தின பயாஸை எழுதிக்கொண்டிருக்கேக்க கரண்ட் நிண்டிட்டுது. இப்ப காத்தாடி சுத்துது, திரையில ஒண்டுமில்லை. கார்டைக் குத்தினால் கொம்பியூட்டரே எழும்புதில்லை. எழுத முதல் சேமிச்ச கோப்பு இருக்கு, 262144 பைட். பயாஸ் சிப்பின்ட 1ஆம், 8ஆம் பின்னுகளை ட்வீசரால ஷோர்ட் பண்ணி எழுப்பிறதோ, சிப்பில கிளிப் போட்டுப் புரோகிராமரால (சிப்பில நேரே எழுதிற கருவி) எழுதிறதோ?

சுன்னாகம்_சோல்டர்
தம்பி, முதல் ரெண்டையும் விட்டிட்டு மதர்போர்ட் செற்றிங்கைப் பாருங்கோ. மொனிற்றர் வயரை மதர்போர்டில குத்தி, முதல் திரையா ப்ரொசசரில இருக்கிற கிராபிக்ஸைத் தெரிவு செய்யுங்கோ. இன்டெல்லில எஃப் எழுத்தில முடியிற ப்ரொசசர் எண்டால் அதில கிராபிக்ஸ் இல்லை, வேற ஒரு பழைய கார்ட் வேணும். சிஎஸ்எம்மை (பழைய முறையில எழுப்பிற செற்றிங்) நிப்பாட்டுங்கோ. அது ஓடினால் மதர்போர்ட் கார்டில இருக்கிற பழைய முறை ரொம்மை (சிப்பில எழுதியிருக்கிற பயாஸை) ஓட்டப்பாக்கும், பாதி எழுதின ரொம்மில அங்கேயே தொங்கிப்போகும்.

எழும்பினால் ஏஎம்டி விபிபிளாஷை (பயாஸ் எழுதிற மென்பொருள்) அட்மின் உரிமையோட திறந்து, ஐ கட்டளையால கார்ட் பட்டியலில வருதா எண்டு பாத்து, பி கட்டளையால எழுதினால் சரி. கார்டின்ட பவர் கேபிள் கட்டாயம் குத்தியிருக்கவேணும். கொம்பியூட்டர் யூபிஎஸ்ஸில நிக்கட்டும்.

எழும்பாட்டி ஷோர்ட். 1 எண்டது சிப்பைக் கூப்பிடுற பின், லோவா (0 வோல்ட்டுக்குக் கிட்ட) இருந்தால்தான் சிப் பதில் சொல்லும். 8இல 3.3 வோல்ட் வருது. ரெண்டையும் சேர்த்தால் 1 எப்பவும் ஹை, சிப் வாய் திறக்காது. கார்டுக்குப் பயாஸே இல்லாத மாதிரி ஆகி, கொம்பியூட்டர் தன்ர பாட்டில எழும்பும். பவர் போடமுதல் ட்வீசரை வைச்சு, விண்டோஸ் வந்தாப்பிறகு எடுத்து, உடன எழுதவேண்டியதுதான். ஒரு சதம் செலவில்லை.

கோண்டாவில்_லாப்
அண்ணை, செற்றிங் சொன்னது முழுக்கச் சரி. ஷோர்ட்டை இப்பிடி லேசாச் சொல்லாதேங்கோ. எழும்புற நேரம் ஜிபியூ (கார்டின்ட பிரதான சிப்) அந்த 1ஆம் பின்னை லோவுக்கு இழுக்கும். அதே நேரம் நீங்கள் அதை 3.3இல கட்டிவைச்சிருக்கிறியள். நடுவில 33 ஓம் றெசிஸ்டர் இருந்தால் கரண்ட் 0.1 அம்பியருக்கு மேல போகாது. இல்லாட்டி முழுச் சுமையும் ஜிபியூவின்ட பின்னுக்கு. சிப்பைப் பழுதாக்கினால் வேற சிப் போடலாம், ஜிபியூவின்ட பின் போனால் கார்டே போச்சு.

இன்னொண்டு, 8ஆம் பின்னுக்குப் பக்கத்தில ஒரு குட்டிக் கப்பாசிட்டர் இருக்கும், எள்ளளவு. அதின்ட ஒரு முனை 3.3, மற்ற முனை கிரவுண்ட். பின்னுக்குப் பின் 1.27 மில்லிமீற்றர்தான் இடைவெளி. காத்தாடி சுத்துற கார்டில, நிமிர்ந்து நிக்கிற கேசுக்குள்ள கையை விட்டு, விண்டோஸ் வருமட்டும் ட்வீசரைப் பிடிச்சிருக்க ஏலுமோ? நுனி அந்தக் கப்பாசிட்டரில முட்டினால் 3.3 வோல்ட் நேரே கிரவுண்டுக்கு.

கார்டைக் கழட்டி மேசையில வைச்சுச் சிஎச்341ஏ புரோகிராமரும் கிளிப்பும் போடுங்கோ. கிளிப்பின்ட சிவப்பு வயர் 1ஆம் பின்னுக்கு, சிப்பில புள்ளி இருக்கிற மூலை. இங்க கடையில இல்லாட்டி பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில விசாரிச்சு எடுப்பிக்கலாம்.

சுன்னாகம்_சோல்டர்
கேசுக்குள்ள பிடிக்கச் சொல்லேல்லை. மெல்லிய எனமல் வயரை ரெண்டு பின்னிலும் சோல்டர் பண்ணி வெளியில எடுத்து ஒரு குட்டி ஸ்விட்ச் போடுங்கோ. கை நடுங்கினாலும் ஒண்டும் நடக்காது.

ஆனால் உந்தக் கறுப்புச் சிஎச்341ஏயில 8ஆம் பின்னுக்கு 3.3 வந்தாலும், டேற்றா வயர்களில 5 வோல்ட் வாறது கன பேருக்குத் தெரியாது. கிளிப்பைப் போட்டால் அந்த 5 வோல்ட் பவர் இல்லாத ஜிபியூவின்ட பின்னுகளுக்குள்ளயும் போகும். ஷோர்ட்டில 3.3க்குப் பயப்பிடுறியள், இதில 5ஐ எப்பிடி விட்டியள்?

கோண்டாவில்_லாப்
விடேல்லை. மாத்தாத கறுப்புப் புரோகிராமரைக் கிளிப்போட ஒருநாளும் போடக்கூடாது. புரோகிராமரில இருக்கிற சிஎச்341ஏ சிப்பின்ட 28ஆம் பின்னை 5 வோல்ட் பாதையில இருந்து தூக்கி, அதையும் 9ஐயும் போர்டில இருக்கிற 3.3க்கு இணைக்கவேணும். பிறகு டேற்றா வயரும் 3.3தான். மீற்றர் வைச்சுப் பாத்திட்டுப் போடுங்கோ.

கார்டின்ட பயாஸ் சிப்பின்ட பெயரையும் வாசியுங்கோ. ஜிடி25க்யூ, எம்எக்ஸ்25எல் 3.3 வோல்ட் சாதி. ஜிடி25எல்க்யூ, எம்எக்ஸ்25யூ 1.8, அதுக்கு 1.8 அடாப்டர் இல்லாமல் தொடவே கூடாது.

தீவகத்தான்
ரெண்டு பேரும் எழுதிற வழியைக் கதைக்கிறியள், எழுதப்போற கோப்பைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை. அது மைனிங் கார்டில இருந்து எடுத்தது, அதுவே மாத்தின பயாஸா இருக்கலாம்.

ஹெக்ஸ் எடிட்டரில (கோப்பின்ட பைட்டுகளைக் காட்டுற மென்பொருள்) திறந்தால் முதல் ரெண்டு பைட் 55 ஏஏ. மூண்டாவது பைட்டை 512ஆல பெருக்கினால் ரொம்மின்ட நீளம், அந்த நீளத்தில இருக்கிற பைட் எல்லாத்தையும் கூட்டினால் கடைசி ரெண்டு ஹெக்ஸ் இலக்கமும் 00 ஆகவேணும். கையால ஒரு பைட்டை மாத்தி விட்டால் இந்தக் கணக்குப் பிழையாப்போகும். போலாரிஸ் பயாஸ் எடிட்டரில (இந்தக் கார்டுகளின்ட பயாஸை மாத்திற மென்பொருள்) சேமிச்சால் அதுவே திருத்திவிடும்.

அதே எடிட்டரில மெமரிப் பெயரையும் பாருங்கோ. உங்கட கார்டில சாம்சங் கே4ஜி80325எஃப்பி இருக்க, கோப்பில மைக்ரான் மட்டும் இருந்தால் திரை கட்டம் கட்டமா உடையும், இல்லாட்டி கறுப்பு. வேற இடத்தில கோப்பு எடுத்தால் டிவைஸ் ஐடி (கார்ட் எந்த வகை எண்டு சொல்லுற எண்) 67டிஎஃப் ஆக இருக்கவேணும். 6எஃப்டிஎஃப் எண்டால் அது ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி எண்ட வேற வகைக் கார்டுக்கு.

மாத்தின பயாஸைத் திரும்ப ஏத்தினால் டிரைவர் கையொப்பம் பாத்து மறுக்கும். தொழிற்சாலைப் பயாஸைத் தேடிப் போடுறதுதான் முறை.

பருத்தித்துறை_பொடியன்
சிஎஸ்எம் நிப்பாட்டியும் எழும்பேல்லை. தொழிற்சாலைப் பயாஸ் எடுத்தாச்சு, மெமரியும் ஐடியும் பொருந்துது. சிப் ஜிடி25க்யூ41பி. 3.3க்கு மாத்தின புரோகிராமர், கிளிப். சிப் ஐடி ஒருக்கா சரியா வருது, அடுத்தமுறை எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப். ரெண்டுதரம் வாசிச்சால் ரெண்டு விதம். பின் 8இல மீற்றர் 2.4 காட்டுது. எழுதலாமோ?

கோண்டாவில்_லாப்
எழுதாதேங்கோ. அந்தச் சிப்புக்கு ஆகக்குறைஞ்சது 2.7 வேணும். கிளிப்பால போற 3.3 சிப்புக்கு மட்டுமில்லை, கார்டின்ட முழு 3.3 பாதைக்கும் போகுது. அந்தச் சுமையைப் புரோகிராமர் தாங்காது. இப்ப எழுதினால் அழிக்கிறதும் அரைகுறை, எழுதிறதும் அரைகுறை.

சிப்பைக் கழட்டுங்கோ. யாழ் பஸ் நிலையத்தைச் சுற்றிப் போன் திருத்திற கடைகளில ஹொட் எயார் (சூடான காத்தால ஈயம் உருக்கிற கருவி) இருக்கு. பக்கத்துப் பிளாஸ்டிக்குக்கும் கப்பாசிட்டருக்கும் சூடு தாங்கிற கப்டன் ரேப், நல்லா ஃபிளக்ஸ், 350 பாகை, காத்தைக் குறைச்சு. ஈயம் உருக முதல் சிப்பை இழுக்கவேண்டாம், போர்டின்ட செப்புப் பாதை கிளம்பும். கழட்டினதை அடாப்டரில வைச்சு அழிச்சு, வெறுமையோ எண்டு பாத்து, எழுதி, ஒப்பிட்டுப் பாருங்கோ. கோப்பு 262144, சிப் 524288. சிப்பின்ட தொடக்கத்தில இருந்து எழுதுங்கோ, மிச்சம் எஃப்எஃப் (வெறுமை) ஆக இருக்கட்டும்.

சுன்னாகம்_சோல்டர்
சூடு போடமுதல் ஸ்விட்ச் வைச்ச ஷோர்ட்டை ஒருக்காப் பாக்கலாம் எண்டுதான் நான் இப்பவும் சொல்லுவன். கழட்டுறதெண்டால் சிப்பைத் திருப்பி ஒட்டமுதல் ஒரு வேலை செய்யுங்கோ. சிப் இல்லாத கார்டை அப்பிடியே ஸ்லொட்டில குத்தி, பவர் கேபிளும் குத்தி, மதர்போர்ட் திரையில போட்டுப் பாருங்கோ. கொம்பியூட்டர் எழும்பினால் பிழை பயாஸில மட்டும், எழுதி ஒட்டினால் காணும். சிப் இல்லாமலும் எழும்பாட்டி கார்டில வேற பழுது இருக்கு. அப்ப 12 வோல்ட், 3.3 பாதைகளை மீற்றரால கிரவுண்டோட அளந்து பாத்திட்டு மிச்சத்தைக் கதைப்பம்.