தரியா தௌலத் வெள்ளைக்காரன் பங்களாவா?

கிருஷ்ணகிரியான்:
நேத்து ஒருத்தர் ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ட்டு வந்து, அங்க இருக்கற திப்பு சுல்தானோட கோடை அரண்மனை தரியா தௌலத் போட்டோவப் போட்டு "வெள்ளைக்காரன் பங்களா, தோட்டம் சூப்பர்"னு எழுதிருக்காரு. படிச்சதும் வயிறு எரிஞ்சுது. திப்பு 1784ல கட்டினதுங்க அது, பெரும்பாலும் தேக்கு.

தொப்பூரான்:
போட்டது நான்தான். 1799ல திப்பு செத்தப்புறம் அங்க இருந்தது இங்கிலீஷ் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாடி வாட்டர்லூல நெப்போலியன ஜெயிச்ச அதே ஆளு. குடியிருந்தவன் பேரச் சொன்னா என்ன தப்பு?

கிருஷ்ணகிரியான்:
என் மாடில வாடகைக்கு இருக்கறவர் பேருக்கு பட்டா மாத்திக் குடுத்துடவா? கட்டினது திப்பு. மேற்குப் பக்கச் சுவரப் பாத்தீங்களா, இல்ல புல்தரைல செல்ஃபி எடுத்துட்டு பஸ் ஏறிட்டீங்களா? ஹைதரும் திப்புவும் கம்பெனிப் படைய ஜெயிச்ச 1780 பொள்ளிலூர் சண்டைய சுவர் முழுக்க வரைஞ்சிருக்கும், தோத்த படையோட தளபதி கர்னல் பெய்லி பல்லக்குல உக்காந்து விரலக் கடிச்சிட்டிருப்பான், வெடிமருந்து வண்டி வெடிச்சுச் சிதறும். தான் தோத்த கதைய எந்த வெள்ளைக்காரன் தன் வீட்டுச் சுவர்ல வரைவான்?

தொப்பூரான்:
அழிஞ்சு கிடந்த அந்தப் படத்த சரிபண்ண வெச்சதே வெல்லெஸ்லிதான் சார், அதுக்கப்புறம் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி. அவங்க இல்லன்னா உங்களுக்கு பெய்லியும் இல்ல, விரலும் இல்ல.

ஓசூர்ப்பையன்:
அண்ணா, சின்னப் பசங்களக் கூட்டிட்டுப் போனா தோட்டத்துல விளையாட விடுவாங்களா?

கிருஷ்ணகிரியான்:
சுண்ணாம்பு அடிச்சவன் கட்டினவன் ஆயிடுவானா? கட்டினது திப்பு.

தொப்பூரான்:
1792ல நம்ம பாரமகால, அதான் இந்தக் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்த, வெள்ளைக்காரனுக்கு எழுதிக் குடுத்ததும் அதே திப்புதான். கம்பெனி அதிகாரிங்க ரீடும் மன்றோவும் வந்துதான் இங்க விவசாயிகிட்டயே நேரா வரி வாங்கற ரயத்துவாரியே போட்டாங்க.

கிருஷ்ணகிரியான்:
நாலு பக்கமும் நெருக்கி வாங்கின கையெழுத்து அது. 1791 நவம்பர்ல கம்பெனித் தளபதி மேக்ஸ்வெல் படையோட எங்க கிருஷ்ணகிரிக் கோட்டை மேல ஏற வந்து அடி வாங்கித் திரும்பினான், அத எங்க ஊர்ல பொறந்தவனுக்குச் சொல்லித் தரவேணாம்.

தொப்பூரான்:
எங்க ஊரா? 2004 வரைக்கும் நீங்களும் தர்மபுரி ஜில்லாதான், மறந்துடாதீங்க.

கிருஷ்ணகிரியான்:
வந்துட்டாரு. போன மாசம் மாங்கா பேச்சுலயும் பதில் இல்லன்னதும் ஜில்லாவத்தான் இழுத்தீங்க, நான் இன்னும் மறக்கல.

பாலக்கோட்டான்:
ரெண்டு பேரும் தனியாப் பேசிக்கோங்கப்பா, மத்தவங்களும் எழுதணும்.

கிருஷ்ணகிரியான்:
நீங்க நடுவுல வராதீங்க, அன்னைக்கும் அவர் பக்கம்தான் நின்னீங்க. தொப்பூரான், சுத்தி வளைக்காம ஒரே வார்த்தைல சொல்லுங்க. 1784. கட்டினது யாரு?

தொப்பூரான்:
நீங்க முதல்ல சொல்லுங்க, 1799க்கு அப்புறம் குடியிருந்தது யாரு?